கடைசி பெஞ்சில் அண்ணி

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரத்து நானூறு. டைரக்டர் தன் அண்ணனுக்குத் தர வேண்டிய தொகை.

மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரம் அவன் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போனது. வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த நானூறு ஒரு ஜோடி கறுப்பு ஷூவுக்கு. முதல் இன்டர்வியூவுக்கு ரப்பர் செருப்போடு எப்படிப் போவது என்று தம்பி அழுதான். அண்ணன்காரர் அன்றைக்கு வாங்கின கூலியை மடிப்புக் கலையாமல் எடுத்துக் கொடுத்தார்.

காலில் ஷூ ஏறியது. சம்பளம் ஏறியது. பதவி ஏறியது. பணம் மட்டும் இறங்கி வரவே இல்லை.

அண்ணன் இன்றைக்கும் ஒயர்மேன்தான். முழங்கால் தேய்ந்த பிறகும் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறார். தம்பியோ பல்கலைக்கழகத்தில், ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தக் கற்றுக்கொடுக்கும் பயிற்சி மையத்துக்கு டைரக்டர். அந்த மையத்தின் பெரிய கூடத்துக்கு ஒயர் இழுத்ததும் அண்ணன்தான். திறப்பு விழாவில் துணைவேந்தர் முன்னால் தம்பி அவரை அறிமுகப்படுத்திய அழகைப் போன வார அத்தியாயத்தில் படித்தவர்களுக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கியிருக்காது. "இவர் நம்ம எலக்ட்ரீஷியன் சார்!"

அன்று பக்கத்தில் நின்ற மூத்தவளுக்கு நெஞ்சில் இறங்கிய முள் இன்னும் வெளியே வரவில்லை. மூத்தவள், ஒயர்மேனின் மனைவி. கல்யாணத்துக்குப் பிறகு மாலைக் கல்லூரியில் படித்து, அதே பல்கலைக்கழகத்தில் கல்வியியல் விரிவுரையாளர் ஆனவள். மையத்தின் பயிற்சியால் வகுப்பறையில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று மதிப்பிட்டுச் சொல்லும் வேலை இப்போது அவள் கையில். மாறியிருக்கிறது என்று எழுதினால் மையம் நிரந்தரத் துறையாகும், தம்பிக்கு டீன் நாற்காலி. இல்லையென்றால் இப்போது உட்கார்ந்திருக்கிற நாற்காலியும் போகும்.

வேடிக்கை என்னவென்றால், அவளைப் போடச் சொல்லிச் சிபாரிசு செய்ததே தம்பிதான். 'நம்ம அண்ணிதானே.' வீட்டுப் பூனை வீட்டு ஆளைக் கீறாது என்று நினைத்துவிட்டான்.

அறிக்கையைக் கொடுக்க வேண்டிய நாள் இன்று.

•

ஒயர்மேனின் வண்டி தெரு முனையில் திரும்பியதும் வாசலில் கார் வந்து நின்றது. அவர் போகட்டும் என்று எங்கேயோ காத்திருந்திருக்க வேண்டும்.

"காபி எல்லாம் வேணாம் அண்ணி. ஒரு நிமிஷம்தான்."

"நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கலையே" என்றாள் மூத்தவள்.

டைரக்டர் சிரித்தான். கையிலிருந்த நீலத் துணிப்பையை மேசையில் வைத்தான். பையின் அடியில், ஓரமாக, எதுவோ பட்டுப் பொசுங்கின மாதிரி சின்னதாக ஓர் ஓட்டை.

"என்ன இது?"

"அண்ணனுக்குச் சேர வேண்டியது. மூணு பதினெட்டு. முழுசா இருக்கு."

மூத்தவள் பையைத் தொடவில்லை. அவர் ஏணியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இந்தப் பணத்தைக் கேட்டாள். 'கையைக் கடிக்குது அண்ணி' என்றான். வாடகை வீட்டின் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னபோது கேட்டாள். போனையே எடுக்கவில்லை. இப்போது கேட்காமலே மேசை தேடி வந்திருக்கிறது.

"இன்னிக்கு என்ன விசேஷம் தம்பி?"

"கடன்னா ஒரு நாள் அடைக்கணும்ல. மனசு உறுத்திக்கிட்டே இருந்துச்சு."

"இத்தனை வருஷம் தூங்கின மனசு. இன்னிக்குன்னு பார்த்து யார் எழுப்பினாங்க?"

"அண்ணி வாய்க்கு நான் வரலைப்பா!" கையெடுத்துக் கும்பிட்டான். "சாயங்காலம் ரிப்போர்ட் குடுக்கறீங்களாமே. அதைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அது வேற, இது வேற."

"வேற வேறன்னா நாளைக்கு வாங்க. அவர் இருக்கும்போது அவர் கையில குடுங்க."

"குடும்பத்துக்குள்ள நாள் நட்சத்திரம் பார்க்கலாமா?"

"எடுத்துட்டுப் போங்க."

அதற்குள் அவன் படியிறங்கியிருந்தான். கார் போய்விட்டது.

மூத்தவள் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வைத்துக்கொண்டு நல்லபடியாக எழுதினால் விலைக்குப் போனவள். வைத்துக்கொண்டு உள்ளதை எழுதினால், 'பணத்தையும் வாங்கிக்கிட்டுக் கழுத்தையும் அறுத்தா' என்பான். திருப்பிக் கொடுத்தால் தெருக்கோடியில் வாடகைக்கு நிற்கும் அந்தச் சின்னக் கடை போச்சு. இரண்டு வருஷமாக அந்தப் பூட்டின கதவைப் பார்த்துக்கொண்டுதான் அவர் வேலைக்குப் போகிறார். கடை கிடைத்தால் ஏணியை விட்டு இறங்கலாம். ஸ்டூலில் உட்கார்ந்து பல்பு விற்கலாம்.

வீட்டில் வைத்துவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

•

சுமை தூக்கினவர்களுக்குத் தெரியும். எடையைவிட, அது யாருடைய சுமை என்பதுதான் தோளை அழுத்தும். கனமே இல்லாத அந்தப் பை பல்கலைக்கழகத்துப் படி ஏறுவதற்குள் மூத்தவளை மூச்சு வாங்க வைத்துவிட்டது.

பார்த்து மார்க் போடக் கடைசியாக ஒரு வகுப்பு பாக்கி இருந்தது. சீட்டுப் போட்டு எடுத்ததில் டைரக்டரின் வகுப்பே விழுந்திருந்தது.

கடைசி பெஞ்சின் அந்த முனையில் தராசு உட்கார்ந்திருந்தார். புள்ளியியல் பேராசிரியர். கால் மார்க்கைக் கூட விட்டுக்கொடுக்காததால் மாணவர்கள் வைத்த பேர் அது. மூத்தவள் டைரக்டருக்குச் சொந்தம் என்பது தெரிந்துதான் பதிவாளர் இவரையும் கூடச் சேர்த்திருந்தார். இருவரும் தனித்தனியாக மார்க் போட வேண்டும். ஒருவர் தாளை ஒருவர் பார்க்கக் கூடாது.

மையத்தின் பயிற்சி இரண்டு நாள் நடக்கும். முடிந்ததும் கருத்துத் தாள். தாளைக் கொடுத்தால்தான் வாசலில் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் சம்பள உயர்வு. சான்றிதழை நீட்டிக்கொண்டு ஒருவர் நிற்கும்போது எவர் குறை எழுதுவார்? எல்லாத் தாளிலும் 'மிகச் சிறப்பு'. அந்தத் தாள்களைக் கட்டுக் கட்டாகக் காட்டித்தான் டைரக்டர் டீன் நாற்காலி கேட்டிருந்தான். மூத்தவளும் தராசும் அந்தக் கட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு, பருவம் முழுக்க வகுப்பு வகுப்பாகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பயிற்சிக்குப் போனவர் வகுப்பு, போகாதவர் வகுப்பு, இரண்டும். ஆசிரியர் கேள்வி கேட்கிறாரா, பதிலுக்குக் காத்திருக்கிறாரா, புரியவில்லை என்றால் வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறாரா?

டைரக்டர் உள்ளே வந்தான். கடைசி பெஞ்சைப் பார்த்தான். மூத்தவளின் தோளில் நீலப்பை. அவன் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி ஒரு வெளிச்சம். வாங்கிக்கொண்டாள் என்று முடிவு கட்டிவிட்டான்.

திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'மாணவரைப் பேச விடுங்கள்'. டைரக்டர் அதை வாசித்தான். விளக்கினான். மறுபடி வாசித்தான். மணி அடிக்கிற வரைக்கும் அவனைத் தவிர ஒரு ஜீவன் வாய் திறக்கவில்லை.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா? இல்லை. ரொம்ப நல்லது."

முன் வரிசையில் ஒரு பெண்ணின் கை பாதி உயர்ந்து, அப்படியே தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு இறங்கியது.

இருவரும் அவரவர் தாளில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், தாழ்வாரத்தில் தராசு கண்ணாடியைத் துடைத்தார். "நான் பூஜ்யம் போட்டிருக்கேன்மா. நீங்க?"

"பூஜ்யம்தான் சார்."

"நல்லவேளை, எனக்கு அவர் சொந்தமும் இல்ல, பகையும் இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மொத்தத்துல பயிற்சிக்குப் போனவங்களுக்கும் போகாதவங்களுக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. புதன்கிழமை ஆளுங்களைத் தவிர."

புதன்கிழமை ஆட்கள் என்றால் இளையவள் சேர்த்த கூட்டம். இளையவள், டைரக்டரின் மனைவி. வேதியியல் விரிவுரையாளர். ஏழெட்டு ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் போய் உட்காருவார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஆய்வகத்து ஸ்டோர் ரூமில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, 'நீ பதிலுக்குக் காத்திருக்கவே இல்லை', 'பலகையைப் பார்த்தே பேசினே' என்று முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்வார்கள். சான்றிதழ் கிடையாது. ஃப்ளாஸ்கில் டீ மட்டும். ஒழுங்கான ஓர் அறை வேண்டும் என்று இளையவள் கட்டின புருஷனிடமே மனுப் போட்டாள். கிடைக்கவில்லை. அவர்கள் வகுப்புகளில்தான் பிள்ளைகள் கை தூக்குகிறார்கள்.

"அவங்களும் மையத்துப் பயிற்சிக்குப் போய் வந்தவங்கதான்" என்றார் தராசு. "அவங்க மார்க்கை மொத்தத்தோட கலந்துட்டா மையம் பிழைச்சுக்கும். கூட்டத்தைப் பத்தியே பேசாம விட்டா மூழ்கிடும். தனியாப் பிரிச்சுக் காட்டறதுதான் சரி. ஆனா எழுதப் போறது நீங்க."

 மூத்தவளுக்கு நாக்கு ஊறியது. அந்த ஏழெட்டுப் பேரை எழுதாமல் விட்டால் போதும். மையம், டைரக்டர், டீன் நாற்காலி எல்லாம் ஒரே குழியில். தோளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

•

ஒயர்மேன் பாதி கட்டின கட்டடத்தில், ஏணி மேல் நின்று குழாய்க்குள் ஒயர் தள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, இந்த நேரத்துல?"

மூத்தவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு கொண்டாந்தான்?"

"மூணு பதினெட்டு."

துடைத்த விரலையே மறுபடி துடைத்தார். "ஷூ?"

"அது அவருக்கு ஞாபகம் இல்ல போல."

அவர் சிரித்தார். மூத்தவள் இதுவரை கேட்காத சிரிப்பு.

'சின்னப் பையன், விட்டுடு.' எப்போதும் இதைத்தான் சொல்வார். இப்போதும் அதற்குத்தான் காத்திருந்தாள்.

"அன்னிக்கு எலக்ட்ரீஷியன்னு சொன்னான்ல" என்றார். "அது போகட்டும். தொழில்தானே, சொல்லிட்டுப் போறான். நீ அந்தப் பக்கம் நகர்ந்தப்புறம் ஒண்ணு நடந்துச்சு. துணைவேந்தர் கை குடுக்க வந்தார். 'நான் இவனோட அண்ணன்'னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள என் தோளைப் பிடிச்சுத் திருப்பி, 'போய் மெயின் சுவிட்சைப் பாருங்க'ன்னான். நான் தலை குனிஞ்சேன். அவன் ஷூதான் தெரிஞ்சுது. பளபளன்னு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொல்லியிருந்தா நீ அங்கேயே அவன் சட்டையைப் பிடிச்சிருப்பே. கூடத்துல அப்பத்தான் புது பெயின்ட் அடிச்சிருந்தாங்க."

 மேலே யாரோ சுவரை உடைக்கும் சத்தம்.

"பணத்தைத் திருப்பிக் குடுத்தாலும் கடன் நிக்குதுங்க. கடன் நிக்கிற வரைக்கும், நான் எதை எழுதினாலும் பகையில எழுதினதுன்னுதான் சொல்லுவாங்க."

"அப்ப கடனைத் தள்ளிட்டோம்னு எழுது."

"இனாமாவா?"

"இனாமா எதுக்கு? எவ்வளவுன்னு எழுது. எதுக்குக் குடுத்ததுன்னு எழுது. குடுத்தவன் அவனுக்கு என்ன உறவுன்னு எழுது. ஷூவை மறக்காம எழுது. அப்புறம் தள்ளிட்டோம்னு எழுது."

மூத்தவள் அவரையே பார்த்தாள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பல் எல்லாம் பத்திரமாக உள்ளேதான் இருந்திருக்கிறது.

"கடைங்க? அந்தத் தெருக்கோடிக் கடை?"

"அதுக்கு இன்னும் ஆள் வரலை. வந்தா வரட்டும்." ஏணியில் கை வைத்தார். "இன்னும் ரெண்டு வருஷம் ஏறுவேன். ஏத்தி விட்டதுக்கு ஏணியை உதைச்சான்ல, அந்த ஏணிக்கு ஒண்ணும் ஆகலைன்னு அவன் பார்க்கணும்."

"சின்னவளோட புதன்கிழமைக் கூட்டத்தை எழுதாம விட்டா மையத்தையே இழுத்து மூடிடலாம்."

"நமக்குப் பகை அவனோட. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப அவனுக்குத் தெரியாம வந்து பார்த்துட்டுப் போன ஒரே ஆள் அது." ஒரு படி ஏறினார். "எல்லாத்தையும் எழுது. அவன் ரூம் குடுக்காததையும் சேர்த்து எழுது. அதுதான் அவனுக்கு இன்னும் எரியும்."

•

அலுவலகம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பதிவாளர் அறையில் நாலு பேர். பதிவாளர், தராசு, மூத்தவள், அழைக்காமலே வந்து உட்கார்ந்திருந்த டைரக்டர். மேசையில் அறிக்கை. அதன் பக்கத்தில் நீலப்பை.

பையைப் பார்த்ததும் டைரக்டரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"முதல் பக்கத்துல ஏதோ அறிவிப்புன்னு இருக்கே" என்றார் பதிவாளர்.

"உறவோ கொடுக்கல் வாங்கலோ இருந்தா மதிப்பீட்டாளர் முதல் பக்கத்துலயே சொல்லணும். உங்க விதிதான் சார்."

பதிவாளர் வாய்விட்டுப் படித்தார்.

"'மையத்தின் இயக்குநர் என் கணவரின் உடன்பிறந்த தம்பி. என் கணவர் ஒயர்மேன். தம்பியின் ஆராய்ச்சிப் படிப்புக்கு மூன்று லட்சத்துப் பதினெட்டாயிரமும், முதல் இன்டர்வியூவுக்குப் போட்டுக்கொள்ள ஷூ வாங்க நானூறும் கடனாகக் கொடுத்தார். அறிக்கை தர வேண்டிய இன்று காலை, ஷூவுக்கான பணம் நீங்கலாக மீதியை இயக்குநர் எங்கள் வீட்டு மேசையில் வைத்துச் சென்றார். அதைப் பதிவாளர் முன்னிலையில் திருப்பித் தருகிறேன். என் கணவரின் சம்மதத்தோடு மொத்தக் கடனையும் இன்றோடு தள்ளுபடி செய்கிறோம். வகுப்பறை மதிப்பெண்கள் இருவரால் தனித்தனியே இடப்பட்டவை. இரண்டு பேர் தாள்களும் இணைக்கப்பட்டுள்ளன.'"

ஷூ என்ற சொல் வந்ததும் பதிவாளரின் கண் தன்னால் மேசைக்குக் கீழே போனது. தராசின் கண்ணும் போனது. டைரக்டர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"அண்ணி, இது குடும்ப விஷயம்! இதைப் போய் இங்க..."

"குடும்பமா? அன்னிக்கு துணைவேந்தர் முன்னாடி எலக்ட்ரீஷியன்னுதானே சொன்னீங்க, டைரக்டர் சார்."

"அண்ணன் இல்லேன்னு நான் எப்பச் சொன்னேன்?"

"ஆமான்னும் சொல்லலையே. அதான் நான் எழுதிட்டேன்."

பதிவாளர் தொண்டையைச் செருமினார். "இது செனட் கூட்டத்துக்குப் போகும்மா. அச்சாகி எல்லார் கைக்கும் போகும்."

"போகட்டும் சார். துணைவேந்தர் கைக்கும் ஒண்ணு போகணும்."

பதிவாளர் பக்கங்களைப் புரட்டினார். பயிற்சியால் வகுப்பறையில் மாற்றம் இல்லை. தாளைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும். மாற்றம் தெரிந்தது புதன்கிழமைக் கூட்டத்தில் இருப்பவர்களிடம் மட்டும். அவர்களுக்கு ஓர் அறை தர வேண்டும், அந்த நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும். மையத்தை அந்த வழியில் நடத்த, கூட்டத்தைத் தொடங்கிய வேதியியல் விரிவுரையாளரிடம் ஒப்படைக்கலாம்.

"இவங்க ரூம் கேட்டு நீங்க குடுக்கலையா சார்?" பதிவாளர் டைரக்டரைப் பார்த்தார்.  போனை எடுத்து, அந்த விரிவுரையாளரை அனுப்பும்படி வேதியியல் துறைக்குச் சொன்னார்.

இளையவள் ஆய்வகக் கோட்டோடு வந்தாள். கோட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக அமிலம் பட்ட ஓட்டைகள். பதிவாளர் கேட்க வாயெடுப்பதற்குள் அவள் கண் மேசைக்குப் போனது. நேராக வந்து பையின் அடியைத் திருப்பினாள். பொசுங்கின ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அக்கா, இந்தப் பை எப்படி இங்க வந்துச்சு?"

"உன் வீட்டுக்காரர் காலைல கொண்டாந்து வெச்சார். எங்க கடனுக்குன்னு."

இளையவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "எங்க அம்மா வீட்டை வித்த என் பங்கு இது. பீரோவுல வெச்சிருந்தேன். நேத்துலேர்ந்து தேடிட்டு இருக்கேன். 'எங்கயாவது மறந்து வெச்சிருப்பே'ன்னு நீங்களும் கூடச் சேர்ந்து தேடினீங்களே!"



மூத்தவள் பையை அவள் பக்கம் நகர்த்தினாள். "எண்ணிப் பார்த்துக்கோம்மா. மூணு பதினெட்டு இருக்கணும்."

"மூணு பதினெட்டா?" இளையவள் பையின் வாயைப் பிரித்தாள். "நான் வெச்சது அஞ்சு லட்சம் அக்கா."

டைரக்டர் எழுந்தான். உட்கார்ந்தான். கடைசியில், காலையில் கும்பிட்ட அதே கையை மூத்தவள் பக்கம் நீட்டினான். "அண்ணி, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லுங்க."

மூத்தவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். இப்போது தோளில் ஒரு பைதான்.

"சார்" என்றாள் பதிவாளரிடம், "சீல் போட்டுடுங்க."

பதிவாளர் சீலை மையில் ஒற்றி, முதல் பக்கத்தில் இறக்கினார். 'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு நேர் கீழே, வட்டமாக, அழுத்தமாக விழுந்தது.